இயக்கம்னு நான் கேட்ட கேள்வி

எனக்கு அலுத்துப் போச்சு. அதை முதல்லயே சொல்லிடறேன். காலையில பள்ளிக்கூடக் கேன்டீன்ல வேலை, மத்தியானம் குடிவரவு ஆபீஸ்ல மொழிபெயர்ப்பு. எண்பத்தேழுல நியூசிலாந்துல புதுச் சட்டம் வந்த நேரம். விசா முடிஞ்சும் தங்கிட்டவங்க கெடுவுக்குள்ள மனு போட்டா தப்பிக்கலாம், இல்லைன்னா பிடிச்சு விமானம் ஏத்திடுவாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. ஆக்லாந்துல தமிழ் தெரிஞ்ச ஆளுக்குப் பஞ்சம். மலேசியாவுலேர்ந்து வந்த ஈப்போக்காரி, இந்த வேதவள்ளி மாட்டிக்கிட்டேன்.

கதிர்காமநாதன் யாழ்ப்பாணத்து ஆள். முப்பது வயசு இருக்கும், பென்ரோஸ்ல ஒரு பெயின்ட் தொழிற்சாலையில வேலை. விசா முடிஞ்சு ரெண்டு வருஷம். மனுஷன் இந்த ஊரோட ஒட்டிட்டாருன்னு காட்டணும். காட்டினாத்தான் இருக்க விடுவாங்க.

அதிகாரியம்மா கேட்டாங்க, இங்க ஏதாவது அமைப்புல இருக்காரான்னு. நான் தமிழ்ல கேட்டேன். "தம்பி, நீங்க ஏதாச்சும் இயக்கத்துல இருக்கீங்களா?"

முகம் வெளிறிப் போச்சு அவருக்கு. "ஐயோ, இல்லை அக்கா! ஒண்டிலையும் இல்லை. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. வேலை, வீடு, அவ்வளவுதான்."

அதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன். கூச்ச சுபாவம்னு நினைச்சேன். எனக்குக் கொட்டாவி வேற.

ரெண்டு மாசத்துல மறுப்புக் கடிதம் வந்துச்சு. இந்நாட்டில் எந்த அமைப்போடும் எவரோடும் தொடர்பில்லை என்று அவரே சொன்னாராம். அதைத் தூக்கிக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வந்துட்டாரு.

"இயக்கத்திலை இல்லையெண்டுதானே சொன்னனான் அக்கா. பிறகேன் போகச் சொல்லினம்?"

"எதுலயுமே இல்லைன்னா போகத்தான் சொல்வாங்க."

"தமிழ்ச் சங்கத்துக்கு நான்தானே செயலாளர்! வொலிபோல் டீமும் நான்தான் நடத்திறன். ஒரு செத்தவீடெண்டால் முதல் ஆளா நிக்கிறதும் நான்தான்."

"அட பாவி மனுஷா, இதை அன்னைக்கே சொல்ல வாய் இல்லையா?"

"நீங்கள் சங்கம் எண்டு கேக்கேல்லையே. இயக்கமோ எண்டுதானே கேட்டனீங்கள். எங்கடை ஊரிலை இயக்கம் எண்டால் துவக்குத் தூக்கின பெடியள், அக்கா."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. எங்க ஈப்போவுல இயக்கம்னா மன்றம், கோயில் கமிட்டி, தையல் வகுப்பு. அன்னைக்கு ஏன் முகம் வெளிறுச்சுன்னு கேட்டிருக்கலாம், கேக்கல. அலுப்பு.

அப்பீலுக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தப்பு என்னோடது, நான் சொன்ன சொல்லுக்கு அவங்க ஊர்ல ஆயுதக் குழுன்னு அர்த்தம், அதான் பயந்து மறுத்தாருன்னு. படிச்சுக் காட்டினேன்.

"அந்தச் சொல்லை எழுதாதேங்கோ அக்கா." தாளைக் கையால மறைச்சாரு. "அப்பீலும் தோத்தால் என்ரை கடதாசியளோடைதான் ஏத்துவினம். கொழும்பு ஏர்போர்ட்டிலை என்ரை பேருக்குப் பக்கத்திலை இயக்கம் எண்டு கிடந்தால், அதுக்குப் பிறகு என்னை ஒருத்தரும் காணமாட்டினம்."

கிழிச்சுப் போட்டேன். வேற தாள் எடுத்து ஒரே வரி எழுதினேன். மொழிபெயர்த்த வேதவள்ளிக்குத் தமிழ் சரியாகத் தெரியாது. கீழே என் கையெழுத்து.

அதிகாரியம்மா கூப்பிட்டு விசாரிச்சாங்க. எந்தச் சொல் தப்பாச்சு?

"ஞாபகம் இல்ல."

இன்னும் எத்தனை பேருக்கு இப்படித் தப்பாச் சொன்னீங்க?

"தெரியல." மத்தவங்க ஃபைலையெல்லாம் கிளறிடுவாங்களோன்னு பயந்தேன். நல்ல காலம், மொழிபெயர்ப்பாளர் பட்டியல்லேர்ந்து என் பேரை மட்டும் அடிச்சாங்க.

அவரை மறுபடி விசாரிச்சாங்க. ஆறு வாரம் கழிச்சு பாஸ்போர்ட்டோட வந்தாரு. முத்திரை விழுந்திருந்துச்சு. இங்கேயே இருக்கலாம். நான் அழுதுட்டேன்.

"இந்த முறை யாரு மொழிபெயர்த்தது?"

"எங்கடை ஊர் ஆள், இராசமலர். சங்கத்திலை இருக்கிறீங்களோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன்." டீயைக் கையில வச்சுக்கிட்டு குடிக்காம இருந்தாரு. "முந்தி வந்த மலேசியாப் பொம்பிளைக்குத் தமிழே தெரியாதாமே எண்டு சிரிச்சவ. நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

"சொல்லாதீங்க தம்பி"ன்னேன். "டீ ஆறுது, குடிங்க."