நீலப் பூ போட்ட உறை

தபீதாள் டீச்சர் ஐந்து தலையணை தைக்க உட்கார்ந்தபோது வீட்டில் யாரும் காரணம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. கொல்லையில் இலவங்காய் வெடித்துக் கிடக்கிறது. சிட்லபாக்கத்தில் மரம் வைத்திருந்த எந்த வீட்டுப் பெண் அந்த மாதம் தலையில் பஞ்சு ஒட்டாமல் நடமாடினாள்? ஆனால் இங்கே காரணம் வேறு. அவள் கணவர் சத்தியநாதனின் தங்கை பியூலா, பதினெட்டு மாதம் டி.பி. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, வருகிற திங்கட்கிழமை வீட்டுக்கு வருகிறாள்.

குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது, எல்லோரோடும் சேர்ந்தே இருக்கலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். சத்தியநாதன் நம்பினார். தபீதாளும் தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பாப்பா யார் மடியிலும் ஏறுவாள், யார் தலையணையிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குவாள். பெற்ற வயிற்றுக்கு டாக்டர் சீட்டு போதுமா?

பியூலாவுக்கோ வேறு போக்கிடம் இல்லை. தாய் தகப்பன் இல்லை. நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார், எக்ஸ்ரே எடுத்த வாரமே மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளை வரவேண்டாம் என்று சொல்லத் தபீதாளுக்கு வாய் வராது. அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். பயந்தவர்கள் செய்கிற காரியம்தான் பல சமயம் பார்க்க அழகாக இருக்கும்.

கோடு போட்ட கெட்டித் துணியில் ஐந்து பை தைத்து, கொட்டை நீக்கிய பஞ்சை அடைத்து, வாயைக் கையாலேயே மூடினாள். மேலே போட ஐந்து வெள்ளை உறை. நான்கில் சிவப்பு ரோஜா, அதன் கீழே ‘குட் நைட்’ என்று எம்பிராய்டரி. ஐந்தாவதில் மட்டும் நீலப் பூ. பியூலாவுக்கு நீலம் பிடிக்குமே என்று கணவரிடம் சொன்னாள். அதுவும் உண்மைதான். கலந்து கிடக்கிற தலையணைகளில் எது அவளுடையது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பியூலா வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலையணையைக் கையில் வாங்கி, நீலப் பூவைத் தடவிப் பார்த்து, ரொம்ப அழகாகப் போட்டிருக்கிறீர்கள் அண்ணி என்றாள். மற்ற நான்கையும் ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலம், ரவிக்கை ஊக்கு விட்டுப்போயிற்று என்று ஊசி நூல் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பியூலா கறிகாய் நறுக்கினாள், பாப்பாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். முத்தம் மட்டும் கொடுக்கமாட்டாள். தபீதாள் காலையில் எழுந்ததும் பாப்பாவின் தலைக்குக் கீழே ரோஜா இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். அப்புறம்தான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

பதினோராம் நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். அதற்குள் பியூலா ஐந்து உறைகளையும் கழற்றி, துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி மாட்டி அடுக்கி வைத்திருந்தாள். பாவம், உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்ணில்லை என்று தபீதாள் மனம் குளிர்ந்தது. குளிர்ந்த மனம் அடுத்த நிமிஷமே திக்கென்றது.

பூ உறையில்தானே இருக்கிறது! உள்ளே ஐந்தும் ஒரே துணி, ஒரே பஞ்சு, ஒரே கையின் தையல். பதினோரு நாள் பியூலா தலை வைத்த தலையணை இப்போது எந்த உறைக்குள் இருக்கிறதோ? பாப்பா ஒரு ரோஜாவின் மேல் கன்னத்தை அழுத்தி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாசூக்காகக் கேட்டிருக்கலாம். பயத்துக்கு நாசூக்கு ஏது?

“பியூலா, எந்த உறையை எந்தத் தலையணைக்குப் போட்டே?”

கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்பது தபீதாளுக்கே உறைத்தது. பியூலாவின் முகம் மாறவில்லை. நீலப் பூ போட்ட தலையணையை எடுத்து, உறையைப் பாதிவரை உருவி, உள்துணியின் மூலையைக் காட்டினாள். மிச்சம் கிடந்த அதே நீல நூலில், சின்னதாக, 31 என்று தைத்திருந்தது.

“வார்டுல என் பெட் நம்பர், அண்ணி. தட்டு, டம்ளர் எல்லாத்துலயும் இதுதான் இருக்கும். வந்த அன்னிக்கே போட்டுட்டேன். உறைன்னா துவைக்கும்போது மாறிடுமில்ல?”

ஊசி நூல் கேட்ட சாயங்காலம் தபீதாளுக்கு நினைவு வந்தது. கூசிப்போனாள். தான் மறைத்ததாக நினைத்ததை இந்தப் பெண் முதல் நாளே படித்துவிட்டு, விட்டுப்போன பாதியையும் தானே தைத்து முடித்திருக்கிறாள். டப்பாவிலிருந்து கத்தரியை எடுத்து, அந்த நம்பரைப் பிரித்துவிடக் குனிந்தாள்.

பியூலா அவள் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் அண்ணி. பாப்பா சின்னப் பொண்ணு.”

உறையை மறுபடி ஏற்றி, நீலப் பூ மேலே தெரியும்படி வைத்தாள்.