கூரைக்கு ஏறிய பால்

ஆரணியில் ஆற்றோரத் தெருவிலுள்ள ரேணுகாதேவியின் வீட்டில் கெட்டுப்போன பால் கீழே சிந்தாது, மேலே ஏறும். மூடியைத் திறந்ததும் வெள்ளை நூலாக எழுந்து கூரையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பால் மற்ற வீடுகளில் கிடப்பது போலவே புட்டியில் கிடக்கும். வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளை அவள் பகலெல்லாம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பால் இப்படித் தானே பிரிந்துகொண்டதால் அவளுக்கு வேலை குறைந்தது, பகை கூடியது. தன் வீட்டுப் பால் அடுத்தவள் கூரையில் அப்பிக் கிடப்பதை எந்தத் தாய் பொறுத்துக்கொள்வாள்? ரேணுகாதேவிக்கும் இதமாகப் பேச வராது. கூரையைக் காட்டி, "இத்த நீ குடிப்பியா?" என்று கேட்டுவிடுவாள். செய்வினைக்காரி என்றது தெரு.

எல்லோரையும்விட அவளை வெறுத்தவன் விசைத்தறி வைத்திருந்த லோகநாதன். அவன் மனைவி சுபலட்சுமி பட்டுக்கடையில் வேலை பார்த்தாள். பல் முளைக்காத மகன் அஜித்துக்காக லோகநாதன் விடிகாலையில் பசும்பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டுப் புட்டியில் அனுப்புவான். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் அது கூரைக்குப் போய்விடும். ரேணுகாதேவி போன் போட்டுச் சுபலட்சுமியைக் கடையிலிருந்து வரவழைத்துத் தாய்ப்பால் கொடுக்க வைப்பாள். கடை முதலாளி முறைத்தார். லோகநாதன் கொதித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் மிச்சமான புட்டிப் பாலை மாலையில் தன் வீட்டிலேயே அவனே குழந்தைக்குப் புகட்டினான். அஜித் பேதியாகித் துவண்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். ஒரு வயது வரை பசும்பால் கூடாது, குடித்த மிச்சத்தை எடுத்து வைக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னார். லோகநாதன் காதில் அது ஏறவில்லை. அந்த வீட்டுத் தோஷம்தான் குழந்தையைத் தின்கிறது என்றான்.

குழந்தை தேறியதும், ஒரு மதியம் தெருவையே கூட்டிக்கொண்டு ரேணுகாதேவியின் வீட்டுக்குள் நுழைந்தான். பால் தப்பி ஏறாதபடி புட்டியின் காம்பு மூடியைப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தான். "எங்க வூட்டு மாட்டுப் பாலு கெட்டதா? எப்டி ஏறுதுன்னு நானே பாக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்து, அஜித்தை மடியில் மல்லாத்திப் போட்டு, புட்டியை வாயருகே கொண்டுபோனான். புட்டி உதட்டைத் தொடவில்லை. மேலே இழுத்தது. அவன் விடவில்லை. நாற்காலி தரையில் நிற்க, அவன் மட்டும் ஒரு கையில் புட்டியும் மறு கையில் குழந்தையுமாக எழும்பினான்.

"பாட்டில வுடு, இல்ல புள்ளய வுடு! ரெண்டுத்தயும் புடிச்சிகினு மேல போவாத!" என்று ரேணுகாதேவி கத்தினாள். அவன் இரண்டையும் இறுக்கினான். குழந்தை வீறிட்டது. கூட்டத்தில் நின்ற சுபலட்சுமி நாற்காலி மேல் ஏறி, கணவனின் மணிக்கட்டைக் கடித்து, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

லோகநாதன் கூரையில் முதுகு ஒட்ட, அங்கிருந்தே இருவரையும் ஏசினான். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தவர்கள், கரண்ட் வந்ததும் தறிக்குப் போனார்கள். ரேணுகாதேவி குழந்தைகளின் மெத்தையை அவனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டாள். "உனுக்காவ இல்ல. வுயுந்து சத்தம் போட்டா புள்ளைங்க முழிச்சிக்கும்" என்றாள். கை மரத்துப்போய்ச் சாயங்காலம்தான் விழுந்தான்.

அதன்பின் சுபலட்சுமி தன் பாலைப் பீச்சி, மூடிபோட்ட சின்னக் கிண்ணங்களில் அஜித் பெயரை ஒட்டி, ஐஸ் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கக்கேடு என்று லோகநாதன் பல மாதம் அவளோடு பேசவில்லை. அஜித் தொடை மடிப்பு விழக் கொழுத்தான். ரேணுகாதேவியை எங்கே கண்டாலும் லோகநாதன் காறித் துப்பினான்.

அடுத்ததாகப் பெண் பிறந்தது. சுபலட்சுமி வேலைக்குத் திரும்பிய அன்று, அவனே குழந்தையையும் ஐஸ் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ரேணுகாதேவி வாசலில் வந்து நின்றான்.

"எடம் கீதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"உனுக்கு இல்ல. புள்ளைக்கு கீது" என்று அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.