நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு உள்ளேன் ஐயா

மனிதகுல வரலாற்றில் எந்த விதியாலும் வளைக்கப்படாமல் இருபது வயதைத் தொட்ட ஒரே ஆள் நான்தான். இதை அடக்கத்தோடு சொல்கிறேன். மற்றவர்களைப் பள்ளிக்கூடம் வளைத்தது, வீடு வளைத்தது, பக்கத்து வீட்டு அத்தை என்ன நினைப்பாரோ என்ற கவலை வளைத்தது. என்னை வளைக்க வந்தவை எல்லாம் களைத்துப்போய்த் திரும்பின.

எங்கள் வகுப்புத் தலைவனை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்புத்தகம் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தாலும் வெள்ளைத்தாளை இடப்பக்கம் மடித்து, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்று மன்னிப்புக் கடிதம் எழுதி நீட்டிவிடுவான். 'மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிறந்தவன்' என்று அவனைப் பற்றிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதினேன். கல்லூரியே சிரித்தது. அவனும் வந்து படித்தான். ஓர் எழுத்துப்பிழையைக் காட்டிவிட்டுப் போனான்.

என் சாதனையெல்லாம் வருகைப்பதிவில்தான். போதுமான நாள் வராதவன் தேர்வு எழுத முடியாது. அடுத்தவன் எண்ணுக்குக் குரல் கொடுப்பவன் ஒரு வருடம் கல்லூரிக்கு வெளியே. சேரும்போதே அப்பாவும் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கோ ஆறு குரல்கள். பேராசிரியர் தலை நிமிராமல் எண்களை வாசிப்பார். நாற்பத்திரண்டுக்கு, அதாவது என் அறைத்தோழன் நெட்டைக்கு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு "உள்ளேன் ஐயா" வைத்திருந்தேன்.

அந்த வாரம் திங்கள் காலை நெட்டை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "எங்கடா?" என்றேன். "சும்மா" என்றான். வீட்டுக்குப் போகிறான் என்று நினைத்து, அன்று முதல் வெள்ளி வரை நானே அவனாக இருந்தேன்.

வெள்ளி மதியம், சுவர்ப் பத்திரிகைக்கு அனுமதி முத்திரை வாங்க அலுவலகம் போனேன். சட்டப்புத்தகம் வருகைப் பதிவேட்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தான். மேசைக்கு முன்னால் நெட்டையின் அம்மா.

"நாலு நாளா போனை அணைச்சே வச்சிருக்கான் சார். வீட்டுக்கும் வரல."

தலைமை எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "நாப்பத்திரண்டுதானே? காலையில கூட வகுப்புல இருந்திருக்கானேம்மா. ஒரு நாள் விடல. தங்கமான பையன்."

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்போ எம்மேல கோவம்தான். ஞாயித்துக்கிழமை, படிப்பே பிடிக்கலம்மான்னு போன்ல அழுதான். பாஸ் பண்ணாம வீட்டுப் படி மிதிக்காதேன்னு கத்திட்டேன். போலீஸ்கிட்ட போகலாம்னு கூட இருந்தேன் சார்."

"பதிவேடே சொல்லுது, போலீஸ் எதுக்கு?"

நெட்டையின் சார்ஜர் திங்கள் முதல் எங்கள் அறைச் சுவரிலேயே தொங்குகிறது. அதில்தான் என் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "தம்பி, நீ அவன் ரூம்தானே? ஒழுங்கா சாப்பிடுறானா?"

"ம்" என்றேன். அது ஏழாவது குரல்.

"இப்ப பார்த்தா மறுபடி சண்டைதான் வரும். அம்மா வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லு. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

படிக்கட்டை நோக்கி நடந்தார். நான் கணக்குப் போட்டேன். சொன்னால் ஒரு வருடம் போச்சு, அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால், பதிவேட்டில் நெட்டை எத்தனை நாள் வேண்டுமானாலும் உயிரோடு இருப்பான்.

சட்டப்புத்தகம் என் காதருகே வந்தான். "அந்தக் கிணத்துக் குரல் நீதான்னு எனக்குத் தெரியும்டா."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"சொன்னா மறுபடியும் என்னைப் பத்தி எழுதுவ. எல்லாரும் சிரிப்பாங்க." அவன் கண் படிக்கட்டிலேயே இருந்தது. "இப்ப நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ஓடினேன். "அம்மா, நில்லுங்க. அவன் வகுப்புல இல்ல. நான்தான் அவனுக்குப் பதிலா சொன்னேன். திங்கக்கிழமை காலையில போனவன்தான்."

அவர் திட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு வெள்ளிக்கிழமை தம்பி" என்றார். அறைந்திருந்தால் தேவலை.

எழுத்தர் போனை எடுத்துக்கொண்டே சத்தம் போட்டார். "வாயால சொன்னா பத்தாது. கடைசியா எப்ப பார்த்தே, ஏன் பொய் சொன்னே, எல்லாம் எழுத்துல வேணும். அதைக் காட்டினாத்தான் போலீஸ்ல அவன் கிளம்பின திங்கக்கிழமையில இருந்து விசாரிப்பாங்க. பின்னாடி உனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

சட்டப்புத்தகம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். சிரிக்கவில்லை. இடப்பக்கம் மடித்தேன்.

"ஓரத்துல எத்தனை விரல் விடணும்டா?"

"ரெண்டு போதும்."

மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கினேன். வரி ஏறி இறங்கியது. நெட்டையின் அம்மா பின்னால் வந்து நின்றார்.

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

"நீலச் சட்டைம்மா. கட்டம் போட்டது."

"அதையும் எழுதுப்பா."

எழுதினேன். என் தோளுக்கு மேல் குனிந்து அவர் ஒவ்வொரு வார்த்தையாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.