பதினாலு கொடுக்கும் சைலன்சர்

1

“குடிச்சேன்னு சொல்லு. மனசாச்சும் ஆறும்.”

“மெதுவாப் பேசு, பக்கத்து வீட்ல—”

“அடுத்தவன் வண்டிக்கு, நீ வாங்குற பேட்டாவுல டீசல் ஊத்துனேங்கிறியே, இத எந்த ஊர்ல—”

“சொல்ல விடு ராமுத்தாய்—”

“என்னத்தச் சொல்லப்போற? மொதலாளி வண்டியில டீசல் எடுத்த டிரைவரப் பாத்துருக்கேன். ஊத்துன டிரைவர இப்பத்தான் பாக்குறேன். அதுவும் எனக்கே வந்து வாச்சிருக்கு!”

“ஊத்தலேன்னா எடுத்தேன்னு ஆயிரும்.”

எனக்குக் கதை இப்படித்தான் வரும். முகம் வராது, உடுப்பு வராது, வாய்தான் முதலில் வரும். இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் புகுந்து யார் எவர் என்று விசாரிக்க வேண்டும். இந்தச் சண்டை நானே கட்டியது. ஆனால் இதற்கு வித்தான ஒரு வரியை நிஜமாகவே கேட்டேன். அவிநாசி ரோட்டில் ஒரு பங்க்கில் நான் வந்த ஆட்டோ நின்றபோது, முன்னால் ஒரு பிக்கப். டீசல் போட்டுக்கொண்டு அந்த டிரைவர் சொன்னார்: “பில்லு வேணாம் தாயி.”

பங்க் பெண் சிரித்தாள். “எல்லாரும் கூடப் போட்டு பில்லுக் குடுங்கறாங்க. நீங்க பில்லே வேண்டாங்கறீங்க?”

அவர் வண்டியை எடுத்தார். சத்தம் காதைப் பிளந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மிச்சமெல்லாம் என் வேலை.

2

திருப்பூரில் விடியும்போது நூல்கண்டு பிரிவதுபோல வெளிச்சம்—

(வேண்டாம். இந்த ஊரில் விடிவதை நின்று பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஷிப்டுக்கு ஓடுகிறவர்களைத்தான் தெரியும்.)

நேராகவே சொல்கிறேன். ராக்கையா கமுதிப் பக்கத்துக்காரர். அவிநாசிக்கு இந்தப்புறம், மயில்சாமி என்பவரின் நிட்டிங் கம்பெனியில் பிக்கப் ஓட்டுகிறார். நூல் மூட்டை கொண்டுவருவது, துணி ரோலைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய் இறக்குவது. மனைவி ராமுத்தாய் வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங். குடியிருப்பது மயில்சாமி கட்டிவிட்டிருக்கும் லைன் வீடுகளில் ஒன்று. வேலை போனால் வீடும் போகும்.

(முதலில் எழுதிய படியில் மயில்சாமியை ‘அவர்’ என்றும் ராக்கையாவை ‘அவன்’ என்றும் எழுதியிருந்தேன். கை தானாகப் போட்டது. இப்போது இரண்டு பேரும் ‘அவர்’. இந்தக் கதையில் ராக்கையாவுக்குக் கிடைக்கப்போகும் ஒரே நியாயம் இதுவாகக்கூட இருக்கலாம்.)

3

பல்லடம் ரோட்டில் ஒரு சைலன்சர் கடை. நான் பார்த்ததில்லை; பேச்சு மட்டும் கேட்கிறது.

“கம்பெனிக்காரன் குடுக்கறது பென்சிலாட்டம் குழாய்ங்கண்ணா. வண்டி மூச்சு முட்டிக்கிட்டு ஓடுது. பெருசு போட்டா லேசா விடும். தீனியும் கம்மியாத் திங்கும்.”

“மைலேஜ் எவ்வளவுங்க கூடும்?” இது மயில்சாமி.

“இப்ப லிட்டருக்குப் பன்னெண்டு குடுக்குதுங்களா? பதினாலுன்னு வெச்சுக்கங்க.”

வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்த ராக்கையா வாயைக் கொடுத்தார். “மொதலாளி, புகை போற வழி பெருசானா டீசல் எப்படிங்க கொறையும்?”

“டேய் ராக்கு, சளி புடிச்சு மூக்கடைச்சா உன்னால மூட்டை தூக்க முடியுமா?”

“முடியாதுங்க.”

“அதேதான்டா.”

அந்த மூக்குக்கு எதிராக வாதாட ராக்கையாவால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கதை எழுதுகிறவள் தெரிந்து எழுத வேண்டுமே என்று மூன்று மெக்கானிக்குகளிடம் கேட்டேன். ஒருவர், ஏதோ துளி கூடும், தெரியவே தெரியாது என்றார். இன்னொருவர், சத்தம் கூடும் என்றார். மூன்றாமவர்தான் விவரமானவர்போல் பேசினார்: “பைப்புல என்னங்கம்மா இருக்குது? மைலேஜ் ஓட்டறவன் கால்ல இருக்குதுங்க.”

உண்மைதான். ஆனால் மூன்றில் ஆபத்தான பதிலும் அதுதான். குழாயிலிருந்து இறங்கிப் பழி நேரே ஓட்டுகிறவர் காலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

4

குழாய் மாட்டியாயிற்று. ஒரு டேங்க் தீருவதற்குள்ளேயே மயில்சாமி காதர்பேட்டைக் கடைவீதியில் சொன்னார், ஒரு கல்யாணத்தில் சொன்னார், தன்னை எப்போதும் மட்டம் தட்டும் மச்சானிடம் இரண்டு முறை சொன்னார்: “பதினாலு குடுக்குது.”

வண்டி பன்னிரண்டுதான் கொடுத்தது. சாயப்பட்டறையிலிருந்து ஈரம் காயாத துணியை ஏற்றிய வாரம் அதுவும் இல்லை.

“ராக்கையா, உக்காருங்க.”

எந்நாளும் ‘டேய் ராக்கு’தான். இன்று ராக்கையாவுக்கு ‘உக்காருங்க’. அவர் உட்காரவில்லை.

“நான் உங்களத் திருடன்னு சொல்லுலீங்க. பதினாலு குடுக்கற வண்டி பன்னெண்டு குடுக்குது. நடுவுல அந்த ரெண்டு கிலோமீட்டர் எங்க போச்சுன்னுதான் கேக்கறனுங்க.”

“அது பதினாலு குடுக்கவே இல்லீங்களே மொதலாளி.”

“அப்ப நான் ஏமாந்துட்டனுங்களா?”

இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க நீதி எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அறையில் இருந்தது இரண்டு நாற்காலி: ஒன்று ஏமாளிக்கு, ஒன்று திருடனுக்கு. முதலாளி எதில் உட்கார மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும்.

5

உங்களுக்கு ஒரு சந்தேகம் ஓடும். ராக்கையா நிஜமாகவே டீசலை எடுத்திருந்தால்?

எனக்கும் ஓடியது. ஒரு படியில் அவரைத் திருட வைத்தேன். ஒரு கேன், ஒரு ரப்பர் டியூப், ஊரில் நோயாளித் தகப்பன். கதை வழுக்கிக்கொண்டு போயிற்று. படிப்பவர் கண் கலங்கி, மன்னித்து, நல்லவராகி எழுந்துபோவார். கிழித்துப்போட்டேன். திருடியவருக்கு ஒரு வழி இருக்கிறது, நிறுத்திக்கொள்ளலாம். எடுக்காதவர் எதை நிறுத்துவார்?

6

முடிவு ஒன்று: மயில்சாமி தானே ஒரு டேங்க் ஓட்டிப் பார்க்கிறார். பன்னிரண்டு. ராக்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டு—

(பிடிக்க மாட்டார். ஓட்டவும் மாட்டார். ஓட்டினால் தெரிந்துவிடும் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியும்.)

முடிவு இரண்டு: ராக்கையா சாவியை மேஜைமேல் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். எழுதும்போதே ராமுத்தாய் வந்துவிட்டாள்.

“என்னம்மா எழுதுறீக?”

“உன் வீட்டுக்காரர் மானஸ்தர்னு எழுதறேன் கண்ணு.”

“நல்லா எழுதுனீக. சாவிய எறிஞ்சா, மாட்டிக்கிட்டான், அதான் ஓடுறான்னுல்ல சொல்லுவாக? டீசல் எடுத்தவன்னு ஒருக்காப் பேரு விழுந்தா இந்தத் திருப்பூர்ல எந்தக் கம்பெனிக் கேட்டுல அவருக்குச் சாவி குடுப்பாக? தட்டுமுட்டுச் சாமானத் தூக்கிக்கிட்டு ஒங்க கதைக்குள்ளயா வந்து குடியிருக்க?”

அந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

7

அதனால் ராக்கையா ஊற்றினார்.

மயில்சாமிக்குக் கணக்கு இருக்கும் பங்க் ஒன்று உண்டு. அங்கே டேங்க் நிறைய நிரப்பி, அடுத்த தடவை நிரப்பும்போது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். நடுவில் வேறு பங்க்கில் நிறுத்தி, தன் தினப்படியான பேட்டாப் பணத்துக்கு ராக்கையா டீசல் போட்டார். முதலில் பயந்து கொஞ்சமாக. மயில்சாமியின் கணக்கில் மைலேஜ் பதின்மூன்றுக்கு ஏறியது. பிறகு பதினாலு.

“டேய் ராக்கு! சொன்னனா இல்லியா? குழாய் செட்டாகக் கொஞ்ச நாள் ஆகுமுன்னு கடைக்காரன் அப்பவே சொன்னான்டா. போ, என்ற கணக்குல நாலு பரோட்டா தின்னுட்டு வா.”

‘டேய்’ திரும்பி வந்ததில் ராக்கையாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தன் டீசலுக்குக் கிடைத்த பரோட்டாவை நின்றுகொண்டே தின்றார். பேட்டா வீட்டுக்கு வராததை ராமுத்தாய் கண்டுபிடித்தது அந்த வாரம்தான். தொடக்கத்தில் நீங்கள் கேட்ட சண்டை அது. அதன் பின்பாதி இது:

“எத்தன நாளைக்கு ஊத்துவ?”

“மொதலாளி மறக்குற வரைக்கும்.”

“பதினாலு குடுக்குற வண்டிய எந்த மொதலாளிய்யா மறப்பாரு? போய் உள்ளதச் சொல்லிரு.”

“சொன்னா? எடுக்காதவன் எதுக்குடா ஊத்துனேன்னு கேப்பாரு. எடுத்தத்தான் திருப்பி ஊத்திருக்கான்னு ஆயிரும்.”

 

8

இதோடு முடித்திருப்பேன். ஒரு மனிதர் தன் நல்ல பெயரைத் தானே சில்லறையாக வாங்கி ஊற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்தக் கசப்பே போதும். ஆனால் மயில்சாமியின் வாய் சும்மா இருக்காது. வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்பினார். அந்த வீதியில் ஒவ்வொரு கேட்டாகப் பெரிய குழாய் வந்தது. சத்தம் வந்தது. பதினாலு மட்டும் எங்கேயும் வரவில்லை.

அடுத்த கேட் கம்பெனியின் முதலாளி கருப்புசாமி. அவருடைய டிரைவர் ஆரோக்கியராஜ், சாயல்குடிக்காரர், ராக்கையாவைவிட மிகவும் இளையவர். அவருக்காகப் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ராக்கையாதான். ஒரு காலை கருப்புசாமி அவரை மயில்சாமியின் கேட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏனுங் மாப்ள, குழாய மாத்துனா மைலேஜ் ஒண்ணும் கூடாதாமா. இந்தத் தம்பி சொல்றாருங்க.”

“கூடாதா? அப்பறம் என்ற வண்டிக்கு எப்படிக் கூடுச்சாமா? டேய் ராக்கு, இங்க வா. வண்டி எவ்வளவு குடுக்குதுன்னு இவருகிட்ட உன் வாயால சொல்லு.”

“சொல்லட்டுங்க. அவரு பதினாலுன்னு சொல்லிட்டா இந்தத் தம்பி சாவியக் குடுத்துட்டுப் போகட்டும்.”

ராக்கையா வந்தார். நூல் மூட்டை இறக்கிய பஞ்சு தலையிலும் மீசையிலும் ஒட்டியிருந்தது.

பதினாலு என்றால் ஆரோக்கியராஜ் திருடர். பன்னிரண்டு என்றால் ராக்கையா. நடுவில் ஒரு சொல் இருக்கும் என்று நானும் தேடினேன். பதின்மூன்று என்று சொல்ல வைத்துப் பார்த்தேன், இரண்டு பேரும் திருடர்களானார்கள். மயில்சாமி குரல் கேட்கிறது, கருப்புசாமி குரல் கேட்கிறது, உள்ளே மெஷின் ஓடுகிறது. ராக்கையாவின் குரல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. கேட்காததை நான் எழுதுவதில்லை. அந்தக் கேட்டில், அவர் நிற்கும் இடத்தில், இனி நீங்கள் நின்றுகொள்ளுங்கள். ஆரோக்கியராஜ் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

“அண்ணே, நான் ஒரு சொட்டு எடுக்கலண்ணே. ஒங்க வண்டிக்கு மட்டும் எப்படிண்ணே குடுக்குது?”