பலியாட்டில் வேலை செய்தது

1

காலை பத்து மணி பதினேழு நிமிடம். ஃப்யூஸ் போனது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

அக்காவின் வேலைக்கூடத்துக்கு நான் போயிருந்தது வேறொரு கதைக்காக. அக்கா செயற்கைப் பல் செய்பவள். மாடியில் பல் மருத்துவர் வாயை அளவெடுப்பார். கீழே அக்கா கணினியில் பல்லை வரைவாள். பக்கத்து மேசையில் இருக்கும் இயந்திரம் அதைச் செதுக்கித் தரும். கணினியில் ஓடும் இயங்குதளம் லினக்ஸ். வேலை குறைவான காலை என்று பார்த்து அன்று அதை மேம்படுத்திக்கொண்டிருந்தாள். கணினியின் மையமான கெர்னல் மாறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மெருகேற்றும் மோட்டாரைப் போட்டாள். ஜன்னல் இல்லாத கூடம். இருட்டு.

மின்சாரம் திரும்பியது. கணினி திரும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கியது.

[வேறு தொடக்கம்: "பல் இல்லாத மனிதன் பாதி" – யார் சொன்னது? நிறுத்திவிட்டேன்.]

[வேறு தொடக்கம்: "என் அக்கா எதற்கும் பதறாதவள்." பொய். கரப்பானுக்குப் பதறுவாள்.]

வழக்கமாக இவற்றை உங்கள் கண்ணில் காட்டமாட்டேன். வெட்டிவிடுவேன். இந்தக் கதையில் வெட்டுவதற்குத் தைரியம் இல்லை. காரணம் நான்காம் பகுதியில்.

2

கூடத்தில் இன்னொரு கணினி உண்டு. பழசு. பெயர் பலியாடு. எந்த மேம்படுத்தலும் முதலில் பலியாட்டுக்குத்தான். ஒரு வாரம் அது உயிரோடு இருந்தால்தான் அக்கா பல் வரையும் பெரிய கணினிக்கு. பலியாடு இதுவரை பதினொரு முறை செத்திருக்கிறது. பதினொரு முறையும் அக்கா எழுப்பியிருக்கிறாள். சில தடவை வேண்டுமென்றே கொல்வாள், எழுப்பிப் பழக.

[இங்கே மரணம் பற்றி ஒரு பத்தி வருவதாக இருந்தது. எழுத ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்காதது வெட்டல் ஆகாது.]

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. பதற்றத்தில் மூளையை நம்பக் கூடாது. தாளை நம்ப வேண்டும். எழுப்பும் முறையை நாற்பத்தொரு வரியில் எழுதினாள். இரண்டு வருடம் முன்பு என்னிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் சுருக்கிக் குடுடி. எழுத்தாளர்னு வீட்ல ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம்?"

பத்தொன்பது வரியாக்கினேன். பலியாட்டைக் கொன்றோம். பத்தொன்பது வரியையும் ஓட்டினோம். எழுந்தது. அக்கா தாளைச் சுவரில் ஒட்டினாள்.

நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தாள்தான். அடைமொழி ஒன்றுகூட இல்லை.

3

கணினி செத்து இருபது நிமிடத்தில் வக்கீல் வந்தார். முன்பல் ஒன்று இல்லை. காலையில் குளியலறைக் குழாயில் இடித்துக்கொண்டாராம். மூன்று மணிக்கு நீதிமன்றத்தில் இறுதி வாதம்.

"எதிர்த்தரப்பு வக்கீல் என் மச்சான்தாம்மா," என்றார் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து. "இந்த வாயோட போனேன், ஆயுசு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

[இவரை முதலில் நான் நம்பவில்லை. கதைக்கென்று செய்தவர்போல் இருந்தார். ஆசிரியராக மாற்றிப் பார்த்தேன். மச்சான் ஒட்டவில்லை. வக்கீலாகவே இருக்கட்டும்.]

அவருடைய பல்லைப் பலியாட்டிலேயே வரைந்துவிட்டாள் அக்கா. ஆனால் செதுக்கும் இயந்திரத்தோடு பேசத் தெரிந்தது பெரிய கணினிக்கு மட்டும்தான்.

"எவ்வளவு நேரமாகும்?"

"செதுக்க இருபது நிமிஷம் சார். அதுக்கு முன்னாடி இது எந்திரிக்கணும்."

"எந்திரிக்காட்டி?"

"வாயத் தொறக்காம வாதாடுங்க."

சிரித்தார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

4

மீட்புக்கென்று வைத்திருந்த பென்டிரைவில் கணினியைத் தொடங்கினோம். தாள் என் கையில். நான் படித்தேன், அக்கா தட்டினாள்.

"ஏழு. டிஸ்க்கின் பெரிய பகுதியை இணை."

"இணைச்சாச்சு."

"எட்டு. உள்ளே நுழை."

"நுழைஞ்சாச்சு."

"ஒன்பது. கெர்னலை மறுபடி நிறுவு."

எழுத்துகள் திரையில் பாய்ந்தன. எனக்குக் குதூகலம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். நான் எழுதிய வினைச்சொல் ஒவ்வொன்றும் கண்முன் நடந்தது. நுழை என்றால் நுழைந்தது. கதைகளில் எனக்கு இப்படி வாய்த்ததே இல்லை.

பத்தொன்பது. மறுபடி தொடங்கு.

கறுப்புத் திரை. அதே கோடு.

"ஒரு வரிய விட்டுட்டியா?"

"இல்லக்கா. எல்லாம் படிச்சேன்."

"முதல்லேர்ந்து படி."

இரண்டாம் முறை. ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போது நாக்கு எங்கும் இடறவில்லை. மிக வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பு எனக்குத் தெரியும். நான் வெட்டிய இடம் அப்படித்தான் இருக்கும்.

அக்காவின் நாற்பத்தொரு வரியில், இந்த ஏழாம் வரிக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது: சின்னப் பகுதியையும் இணை. கூறியது கூறல்* என்று அடித்திருந்தேன். பலியாட்டின் டிஸ்க் ஒரே பகுதி. அந்த வரி இல்லாமலே அது எழுந்தது. பெரிய கணினியில் சின்னப் பகுதி தனியாக இருக்கிறது. கண்விழிக்கும்போது கணினி கெர்னலைத் தேடுவது அங்கேதான். நாங்கள் கெர்னலை வேறிடத்தில் கொட்டிவிட்டு வாசலில் காத்திருந்தோம்.

* இலக்கணத்தில் குற்றம். கணினியில் அப்படி இல்லை.

5

இங்கே கதைக்கு மூன்று வழி.

அ. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வரி தாளில் இருப்பதுபோலவே படித்துவிடுகிறேன். அக்கா தட்டுகிறாள். கணினி... [எழுத முடியவில்லை. அடுத்த முறை நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். தாள்தான் இருக்கும்.]

ஆ. அக்காவே கண்டுபிடிக்கிறாள். [நல்ல காட்சி. நடக்கவில்லை. நான் சுருக்கியது என்பதால் அவள் அந்தத் தாளைச் சந்தேகிக்கவே இல்லை.]

இ. சொன்னேன்.

6

"அக்கா, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒரு வரி இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன்."

"எது?"

"சின்னப் பகுதியையும் இணை."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏன்டி?"

"ஒரே மாதிரி ரெண்டு வரி வந்துச்சு. படிக்க நல்லா இல்ல."

"படிக்க நல்லா இல்ல," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "நான் என்ன, படிச்சு ரசிக்கவா எழுதினேன்?"

வரவேற்பறையிலிருந்து வக்கீலின் குரல். "என்னம்மா, தீர்ப்பு வந்துருச்சா?"

"வாய்தா சார்!" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை.

சின்னப் பகுதியை இணைத்தாள். உள்ளே நுழைந்தாள். நிறுவினாள். எழுத்துகள் பாய்ந்தன. நடுவில், முன்பு வராத ஒரு வரி. பிறகு இன்னொன்று.

"அக்கா! இது போன தடவை வரல!"

"தெரியுது. நாற்காலிய ஆட்டாதே."

அவள் குரலும் ஆடியது.

மறுபடி தொடங்குவது மட்டும் மிச்சம். என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் இயந்திரம் உறுமுகிறது. மூன்று மணிக்கு வக்கீல் தன் மச்சானைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறார். இன்னொன்றில் அவர் கைக்குட்டையோடு நீதிமன்றப் படியேறுகிறார். ஒன்றை வெட்டியாக வேண்டும். நான் வெட்டமாட்டேன். உங்களுக்குக் கை துறுதுறுத்தால் நீங்கள் வெட்டுங்கள்.

அக்கா விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. இன்னொரு கையால் என்னிடமிருந்து தாளை வாங்கி, மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

"வேற எந்தெந்த வரியடி வெட்டின?"