ஒரே குழியில் இரண்டு பெண்கள்

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் சொந்தச் சரக்கில்லை. பழங்கால எலும்புகளைப் படித்து, யார் உட்கார்ந்து தின்றார், யார் ஓடாய்த் தேய்ந்தார் என்று கண்டுபிடிக்கும் என் தோழி சொன்னது. "எங்கக்காவ ரொம்ப நல்லவளா எழுதிடாத. அவளுக்குப் பிடிக்காது" என்றாள்.

'பல நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு குழியில் இரண்டு பெண்களை...'

(வேண்டாம். செத்தவர்கள் காத்திருப்பார்கள். அக்காவிலிருந்து தொடங்குகிறேன்.)

2.
தங்கை, அதாவது என் தோழி, வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அக்கா ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். மேசையில் இரண்டு எலும்புக்கூடுகள் அருகருகே கிடந்தன.

"யாருடி இவங்க?"

"ஒரே குழியில கிடைச்சாங்க. இது எஜமானி. அது வேலைக்காரி."

"பேரு எழுதி ஒட்டியிருந்துச்சா?"

தங்கை சிரித்தாள். "வேலைக்காரிக்குக் கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு பாரு. சின்ன வயசுலேருந்தே தலைச்சுமை. பல்லுல குறுக்குக் கோடு தெரியுதா? குழந்தையில பட்டினி கிடந்திருக்கா. எஜமானிக்கு இதெல்லாம் இல்ல."

அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடி முன் நின்று மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்கும் இருக்கு."

அக்கா மேசைப் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, இவங்க அக்கா தங்கச்சியா இருக்கக் கூடாதா?"

(இங்கே ஒரு பத்தி அழுகை எழுதி, அடித்துவிட்டேன். அக்கா அழவில்லை. பஸ் போய்விடும் என்று கிளம்பினாள்.)

3.
தங்கை தவழ்ந்த நாளிலேயே அக்கா செங்கல் சுமக்கப் போய்விட்டாள். அதனால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. தங்கைக்குக் கோடில்லாத பல்லும் பள்ளிக்கூடமும் பட்டமும் வந்தது அந்தக் கழுத்தின் புண்ணியத்தில்.

முகம் தெரியாதவளின் கழுத்தை மாதக்கணக்கில் அளந்தவள், அக்கா தலையை மட்டும் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவதைத் தினமும் பார்த்தும் என்னவென்று கேட்டதில்லை. அன்று இரவு கேட்டாள்.

"வலிக்குதாக்கா?"

"இப்ப கேக்குற."

மறுநாள் கட்டாயப்படுத்தி டாக்டரிடம் அழைத்துப்போனாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார். தங்கைக்கு அவர் காட்டும் முன்பே தெரிந்தது. அவள் பிழைப்பே அதுதானே.

4.
அந்தக் குழியைப் பற்றி எழுதிவந்த கட்டுரையில் 'எஜமானி', 'வேலைக்காரி' இரண்டையும் தங்கை அடித்தாள். இருவர் எலும்பிலும் துணுக்கெடுத்து, உறவா என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பினாள். பதில் வந்துவிட்டது. எனக்கும் தெரியும்.

முதலில், உடன்பிறந்தவர்கள் என்று முடித்துப் பார்த்தேன். கதை சட்டென்று இனித்துவிட்டது, அடித்தேன். உறவே இல்லை, வேலைக்காரிதான் என்று முடித்தேன். அப்படியானால் அவள் தேய்ந்தது நியாயமாகிவிடுமா? அதையும்...

"அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்று தோழியிடம் கேட்டேன்.

"அவ கேக்கவே இல்லையே."

அக்காவே கேட்காததை உங்களுக்கு நான் எந்த வாயால் சொல்ல?