டுவேனின் காரில் நீள இருக்கை வந்த விதம்

1

இந்தக் கதை ஒரு காரின் பின்னிருக்கைக்கு அடியில், எலி கூடு கட்டிய இடத்தில் கிடைத்தது. கண்டெடுத்தவன் நான் இல்லை, வெண்டெல் குரூக். எங்கள் ஊர்ப் பழைய கார் சங்கத்தில், எந்தக் காரில் எது தொழிற்சாலையில் போட்டது, எது பிறகு மாற்றியது என்று பார்த்துச் சொல்கிறவன் அவன். நான் அந்தச் சங்கத்தில் பழைய கார் இல்லாத ஒரே உறுப்பினன். இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமைக் காலைகளில் காபி குடிக்கவும் அவர்கள் சண்டையைக் கேட்கவும் போய்வருகிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்:

'மிச்சிகனின் வடகோடியில், ஏரிக்காற்று மெல்ல வீசிய ஒரு ஜனவரிக் காலையில், மார்லிஸ் டெர்வோ தன்

அதோடு நின்றுவிட்டது. ஜனவரியில் எங்கள் ஊர்க் காற்று மெல்ல வீசாது, கடிக்கும். இன்னொன்று:

'அது 1970ஆம் வருடத்துக் கார்.'

இது பரவாயில்லை. (எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன். எழுதினால் சங்கத்தில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள்.)

2

மார்லிஸுக்கு வயது எழுபத்து மூன்று. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் கணவன் டுவேன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கார் அவனுடையது. இருபத்து மூன்று வயதில் புதிதாக ஆர்டர் கொடுத்து வாங்கியது.

அந்தக் காரைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்களின் குரல் தானாக இறங்கிவிடும். கம்பெனி தந்ததிலேயே பெரிய எஞ்சின், கையால் மாற்றுகிற நான்கு கியர், நாவல்பழ நிறம். ரேடியோ வேண்டாம் என்று சொல்லி வாங்கியிருக்கிறான். அந்த எஞ்சின் சத்தத்தில் பாட்டு எங்கே கேட்கும்? இதெல்லாம் ஒரு பக்கம். அதிசயம் முன்னிருக்கைதான். இப்படி ஒரு முரட்டு எஞ்சினைக் கேட்கிறவன், ஓட்டுகிறவனுக்கு ஒன்று பக்கத்தில் ஒன்று என்று தனித்தனி இருக்கைதான் கேட்பான். கதவுக்குக் கதவு ஒரே நீள இருக்கை குழந்தைகுட்டிக்காரர்கள் வாங்குவது. முரட்டு எஞ்சினும் நீள இருக்கையும் ஒரே காரில் இருப்பதாக வெண்டெலுக்குத் தெரிந்து மூன்றுதான், அதில் ஒன்று டுவேனுடையது.

மார்லிஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. அவளுக்கு டுவேன் சொன்னது போதும். 'உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே உனக்காக ஆர்டர் பண்ணுன சீட்டு இது. எவளோ ஒருத்தி வந்து ஒட்டி உக்காருவான்னு தெரியும்.' ஐம்பத்திரண்டு வருடம் இதைச் சொல்லியிருக்கிறான். கல்யாண நாளில், பிள்ளைகள் முன்னால், கடைசியில் ஆஸ்பத்திரியிலும்.

(இந்த இடத்தில் டுவேனை நல்லவனாகக் காட்ட இரண்டு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். நல்லவன்தான். ஆனால் அதை நான் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பின்னால் வருவதற்கு நான் வக்கீல் வைத்ததுபோல ஆகிவிடும்.)

3

எலி நாற்றம் போகவேண்டும் என்று மார்லிஸ்தான் வெண்டெலைக் கூப்பிட்டாள். பின்னிருக்கையைத் தூக்கினான். சுருள்கம்பிகளுக்கு நடுவே மடித்துச் செருகிய ஒரு தாள். தொழிற்சாலையில் காரை உருவாக்கும்போது எதை எதைப் போடவேண்டும் என்று தொழிலாளிகள் பார்த்துக்கொள்கிற தாள் அது. எங்கள் ஆட்களுக்கு அதுதான் ஜாதகம். வெண்டெல் கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு எடுத்துப் போனான். பிப்ரவரி 1970. எஞ்சின் சரி, கியர் சரி, நிறம் சரி, ரேடியோ இல்லை, அதுவும் சரி.

இருக்கை: தனித்தனி, இரண்டு. நடுவில் பெட்டி.

வெண்டெல் அதை மூன்று தடவை படித்தான். பிறகு, இது வேறு காரின் தாளாக இருக்கும், அவசரத்தில் கைக்கு எட்டிய காரில் செருகிவிடுவார்கள், இது சகஜம் என்று மார்லிஸிடம் சொன்னான். சகஜம்தான். ஆனால் காரின் எண் இருந்த மூலையை எலி தின்றிருந்தது.

சனிக்கிழமை சங்கமே இரண்டாகப் பிரிந்தது. தாள் பொய் என்று ஒரு கட்சி, இருக்கை பொய் என்று ஒரு கட்சி. மார்லிஸ் நடுவில் டோனட்டைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"கார்பெட்டைத் தூக்குனா தெரியாதா?"

தெரியும். இரண்டு இருக்கைக்கும் நடுவே சாமான் வைக்கும் அந்தப் பெட்டி இருந்திருந்தால், அதைத் தாங்கும் இரும்புக் காது தரையில் பற்றவைத்திருக்கும். பத்து வருடத்துக்கு முன் இந்தக் கார் அசல் என்று கையெழுத்துப் போட்டபோது வெண்டெல் அதைத் தூக்கிப் பார்த்திருக்கவேண்டும். டுவேன் சொன்னான் என்று விட்டுவிட்டான்.

அன்று மத்தியானமே தூக்கினார்கள். காது இல்லை. காதை அறுத்து, அரத்தால் தேய்த்து, மேலே சாயம் பூசிய தழும்பு இருந்தது.

வெண்டெல் மண்டியிட்டவன் எழுந்திருக்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்க, மார்லிஸ்தான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"விடு வெண்டெல். தொழிற்சாலைக்காரனுக்கு என்னைத் தெரியுமா என்ன? டுவேன் தன் கையால மாத்துனான்னா எனக்கு அதுதான் இன்னும் நல்லது."

சொல்லிவிட்டுக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"எப்ப மாத்துனான்?"

4

அவள் டுவேனை முதலில் பார்த்தது கார் வந்த அதே வருடம், மே மாதம் முதல் சனிக்கிழமை. இரண்டாவது ஞாயிறு அவன் காரில் ஏறினாள். ஏறும்போதே நீள இருக்கைதான். அப்படியானால் மாற்றியது எட்டு நாளுக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் அதற்கு முன்னால்.

டுவேனுடைய தம்பி ஆர்விட் அப்போது உடைந்த கார்கள் கிடக்கும் யார்டில் வேலை பார்த்தவன். இப்போது குளிர்காலம் முழுவதும், உறைந்த ஏரிமேல் போட்ட பலகைக் குடிசையில் உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறான். மார்லிஸ் அந்தக் குடிசைக்குள் ஒருநாளும் போனதில்லை. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் போனாள். நானும் கூடப் போனேன். ஐஸ்மேல் தனியாக நடக்க அவளுக்குப் பயம்.

"வாங்க அண்ணி, உக்காருங்க," என்றான் ஆர்விட்.

(அவன் மார்லிஸ் என்றுதான் கூப்பிட்டான். ஐம்பது வருட மரியாதையோடு கூப்பிட்டதைத் தமிழில் வெறும் பெயராக எழுத என் கை போகவில்லை.)

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எதன்மேல் என்று பார்த்தாள். கறுப்பு ரெக்ஸின், ஓரமெல்லாம் டேப் ஒட்டியது, கார் இருக்கை. துளைக்கு அந்தப் பக்கம் அதன் ஜோடியில் ஆர்விட் உட்கார்ந்திருந்தான்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"டுவேன் கார்ல இருந்ததுதானே. யார்டுல ஒரு குடும்ப வண்டி அடிபட்டு வந்துச்சு, அதுலேருந்து நீள சீட்டக் கழட்டிக் கேட்டான். ரெண்டு பேருமா ஒரே மத்தியானத்துல மாத்திட்டோம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எதுக்குன்னு சொன்னானா?"

"பக்கத்துல ஒரு பொண்ணு உக்காரப்போகுதுன்னான்."

"எந்தப் பொண்ணு?"

ஆர்விட் துளைக்குள் இறங்கிய தூண்டில் நூலையே பார்த்தான்.

"நீங்களாத்தான் இருக்கும்."

"இருக்கும்னா?"

"அப்ப லொரெயின்னு ஒருத்தி இருந்தா அண்ணி. ரொம்ப நாள் இல்ல. ஒரு மாசமோ என்னவோ." பிறகு, உதவி செய்கிறவன்போல, "யார்டுல தரையெல்லாம் பனி கெடந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு," என்றான்.

எங்கள் ஊரில் ஏப்ரலில் பனி கிடக்கும். மே மாதத்திலும் விழும். அந்த மே மாதம் விழுந்ததா என்று மார்லிஸுக்கு நினைவில்லை. முதல்நாள் டுவேன் போட்டிருந்த சட்டையின் பொத்தான்கூட நினைவிருக்கிறது. பனி நினைவில்லை.

நூலகத்தில் பழைய பத்திரிகை பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். காரில் ஏறியதும், பார் என்றாள். போய்ப் பார்த்தேன். ஏப்ரலில் ஏழு நாள் பனி, மே மாதத்தில் இரண்டு நாள். அந்த இரண்டும் அவளுடைய எட்டு நாளுக்குள்தான்.

இதை அவளிடம் சொன்னபோது, நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று என்னையே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும் தெரியவில்லை.

5

முடிவுக்கு என்னிடம் இருந்தவை:

அ) மே மாதம். அவளுக்காகத்தான். (மூன்று வரி எழுதினேன். தித்தித்தது. கிழித்தேன்.)

ஆ) ஏப்ரல். லொரெயினுக்காக. அப்படியானால் டுவேன் ஐம்பத்திரண்டு வருடம் சொன்னது

இ) டுவேனுக்கே மறந்துவிட்டது. ஒரு கதையை நூறு தடவை சொன்னவனுக்கு எது நடந்தது எது சொன்னது என்று (இது டுவேனைப் பற்றியா என்னைப் பற்றியா?)

ஈ) ஜூலை. ஏரிக்கரையில் கார் கண்காட்சி. வெண்டெல் தன் அசல் கார்களின் பட்டியலிலிருந்து காரை எடுத்துவிட்டான். மார்லிஸ் அப்படியும் கொண்டுவருகிறாள். மத்தியானம் அவள் வயதுள்ள ஒருத்தி வந்து, காரின் ஜன்னல் வழியாக முன்னிருக்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி நடந்தது, மார்லிஸ் காரைக் கொண்டுவந்தாள். அப்படி யாரும் வரவில்லை. அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தது நான்தான்.

6

போன வாரம் மார்லிஸின் சமையலறையில் உட்கார்ந்து, இந்தக் கதையை அவள் மொழியில் வரிவரியாகச் சொன்னேன். அவள் பெயர் வருகிற இடமெல்லாம் தமிழ் எழுத்தில் எப்படி இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். டுவேனின் வசனத்தில் சிரித்தாள். ஐஸ் குடிசைப் பகுதி வந்தபோது எழுந்து போய் அடுப்பில் இல்லாத எதையோ கிளறினாள்.

ஜூலைப் பகுதி வந்ததும், இந்தப் பெண் வரவில்லை, நானாகச் சேர்த்தது, உனக்குக் கஷ்டமாக இருந்தால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காத," என்றாள். "எவ்வளவு நேரமா நிக்கிறா?"

"ரொம்ப நேரமா."

"வெயில்லயா?"

"ஆமா."

"எங்க வயசுக்கு முட்டி என்னத்துக்கு ஆகும்? ஒரு நாற்காலி போடுப்பா. எனக்குப் பக்கத்துல போடு."

போட்டுவிட்டேன். மடக்கு நாற்காலி, காரின் நிழலில், மார்லிஸுடையதை ஒட்டி. அந்தப் பெண் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். அவள் பெயரை நான் எழுதவில்லை, கேட்கவேண்டியவள் மார்லிஸ். இருவரும் முன்னிருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் முதலில் வாய் திறந்தார்கள் என்று எழுதப் பேனாவை எடுத்து, ஏழு நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள், என்னைவிட அருகில். காதில் விழுந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்வதற்கு முன், சொல்லலாமா என்று மார்லிஸைக் கேட்டுவிடுங்கள்.